தாய்ப்படியைத் தேடும் அறிவியல்

பண்டை மக்களின் எழுத்தையும் வாழ்வையும் அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகளைக் கொண்டே முறைப்பட ஆராய்ந்தறியும் துறை செவ்வியல் எனப்படும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்பெயர் கிரேக்கம், இலத்தீனம் என்னும் இருமொழிகளையும், அவை வழங்கிய நாடுகளின் தொல்வரலாற்றையும் குறிக்கும். பழமையைப் பாராட்டுதலே இத்துறையின் தொழில் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. பாராட்டுமுன் தெளியவேண்டிய வினா ஒன்றுண்டு: நம் கையிலுள்ள நூலின் சொல், அந்நூலை யாத்தவர் எழுதிய சொல்தானா?

சான்றுகள் அவற்றைத் தாங்கும் பொருளால் வகைப்படும். கல்லிலும் செம்பிலும் பொறித்தவை கல்வெட்டியலுக்கும், காசுகள் காசியலுக்கும், எகிப்திய மணலில் உலர்ந்து எஞ்சிய நாணல்தாள்கள் நாணற்றாளியலுக்கும், தோலேடுகளில் வழிவழியாகப் பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் படியாய்வியலுக்கும் உரியன. முதல் மூன்றும் பண்டையோர் கைபட்ட பொருளையே நம்முன் வைக்கின்றன. படியாய்வியலுக்கு அப்பேறு இல்லை. உரோமைப் பெரும்பாவலர்தம் நூல்களில் நமக்கு வாய்த்தவை படிகளும், படிகளின் படிகளுமே.

அப்படிகளில் புகுந்த பிழையை மொழியறிந்தோரே காண்பர்; ஆதலின் மொழிப்பயிற்சியே இத்துறையின் வாயிலாகிறது. ஆக்சுபோர்டில் ‘இலித்தரே உமானியோரெசு’, அதாவது மாந்தப்பண்பு வளர்க்கும் எழுத்துக்கல்வி, என்னும் நான்காண்டுப் படிப்பில் நெடுங்காலம் நின்ற ஒழுங்கு இது: பன்னிரு பருவங்களுள் முதல் ஐந்து மொழிக்கும் இலக்கியத்திற்கும் உரியவை, எஞ்சிய ஏழில்தான் தொல்வரலாறும் மெய்யியலும் விரிவாக இடம்பெறும். நீரில் இறங்குமுன் நீந்தக் கற்பிக்கும் இம்முறை நம் கல்வியாளர் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அது நேர்மையாகவே தோன்றுகிறது.

படியாய்வியலின் அடிப்படை நெறி ஒன்றே: பிழையில் ஒத்தல் உறவைக் காட்டும், பிழையின்மையில் ஒத்தல் எதையும் காட்டாது. விடைத்தாள் திருத்துவோர் இதனை ஏட்டுக்கல்வியின்றியே அறிவர். இருவர் ஒரே நல்விடையை எழுதினால் எவரும் ஐயுறுவதில்லை. ஒரே விந்தையான தவற்றை எழுதினாலோ, ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அல்லது இருவரும் மூன்றாமவரைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வாறே, ஒத்த சொல்லால் முடியும் ஈரடிகளுள் எழுதுவோன் கண் முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவ, இடைப்பட்டவை விடுபட்டுப்போகும் பிழையை நாம் கண்தாவல் எனலாம். ஒரே கண்தாவல் இரு சுவடிகளில் காணப்படின், அவை ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் எனக் கருத இடமுண்டு. இத்தகைய பொதுப்பிழைகளைத் தொகுத்து, எந்தப் படி எதிலிருந்து பிறந்தது என வரையும் வரைவு கொடிவழி. அதன் தலையில் நிற்பது தாய்ப்படி.

இந்நெறியின் ஆற்றலை அறிய உலுக்ரீசியசின் நூலைக் காண்க. அணுக்களின் இயக்கத்தால் உலகு அமைந்த முறையை ஆறு பகுதிகளில் இலத்தீனத்தில் பாடிய அவர் கி.மு. முதல் நூற்றாண்டினர். அந்நூலின் முதன்மைச் சுவடிகள் இரண்டு ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில் உள்ளன. ஏட்டின் வடிவால் ஒன்று நீள்சுவடி எனவும் மற்றது நாற்கோணச் சுவடி எனவும் பெயர்பெறும், இரண்டும் கி.பி. 9ஆம் நூற்றாண்டின. நாற்கோணச் சுவடியில் நான்கு பாப்பகுதிகள் தத்தம் இடத்தில் இல்லை; நூலின் இறுதியில் ஒருங்கே கிடக்கின்றன. நீள்சுவடியிலோ அவை உரிய இடத்திலேயே உள்ளன. பெர்லின் பேராசிரியர் கார்ல் இலாக்மான் அந்நான்கின் அடிகளை எண்ணினார். ஒவ்வொன்றும் 52 வரி என்னும் அளவையே ஒட்டி நின்றது. ஓர் ஏட்டுக்கு இரு பக்கம்; ஆகவே பக்கத்திற்கு 26 வரி. தாய்ப்படியிலிருந்து நான்கு ஏடுகள் கழன்றுள்ளன. எவரோ அவற்றை எடுத்து இறுதியில் செருகியுள்ளார். நீள்சுவடி அதற்கு முன்னும், நாற்கோணச் சுவடியின் வழி அதற்குப் பின்னும் பிரிந்துள்ளன. இவ்வளவையும் உணர்ந்த இலாக்மான், எவரும் காணாத அத்தாய்ப்படி 302 பக்கங்கள் கொண்டது எனக் கணக்கிட்டு, 1850இல் தம் பதிப்பை வெளியிட்டார். தாய்ப்படியின் காலம் பற்றியும் எழுத்துவகை பற்றியும் அவர் கொண்ட முடிபைப் பின்வந்தோர் மறுத்தனர். 26 என்னும் எண் நிலைத்தது. அவர் பெயரால் வழங்கும் முறைக்கு வேறு அறிஞர் பலரும் வழிவகுத்தனர் என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. எழுதுவோன் இரு சுவடிகளை அருகருகே வைத்து, நல்லது எனத் தோன்றியதை இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டால் கொடிவழியின் கிளைகள் பின்னிப்போகும். இந்தப் படிக்கலப்புக்கு முழு மருந்து இல்லை.

நமக்கு இத்துறையில் என்ன உரிமை எனின், வியன்னாவின் தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நாணல்தாள் இருக்கிறது. அதன் ஒருபுறம் பண்டைத் தமிழகத் துறைமுகமான முசிறியைப் பெயர்சுட்டும் வணிகக் கடன் உடன்படிக்கை. மறுபுறம் எர்மபொல்லோன் என்னும் கலம் ஏற்றிவந்த சரக்கின் விலைக்கணக்கு. கங்கைச் சடாமாஞ்சிலும் யானைமருப்பும் அதில் எழுதப்பட்டுள்ளன. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டது. யவனர் கலங்கள் முசிறிக்கு வந்ததை அகநானூறும் பாடுகிறது. பாட்டை நாம் தமிழில் படிக்கிறோம். கிரேக்கத்தில் எழுதிய கணக்கைப் பிறர் பெயர்த்த ஆங்கிலத்தில் படிக்கிறோம். கிரேக்க நெடுங்கணக்கில் எழுத்துகள் 24 மட்டுமே. 247 எழுத்துகளை இளமையிலேயே கற்றுமுடித்த தமிழ் மாணவர் சிலரேனும் அவற்றையும் கற்க முன்வருக. அவர்களுக்கென ஓர் இருக்கையை நம் பல்கலைக்கழகம் ஒன்றேனும் அமைத்துத் தருக.