அடுத்துத் திறப்பவர் யார்?

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. வாசலை ஒட்டிய மேசைமேல் 40 பிராக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல் முகத்தில் விழ வேண்டிய 3 மி.மீ. பள்ளம் அடி முகத்தில் விழுந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. நாற்பதிலும் அப்படியே. பட்டறைக்காரர் சத்தம் போடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த என் டிராயிங்கை எடுத்து நீட்டினார். "நீங்க போட்டுக் குடுத்ததைப் பார்த்துத்தானுங்க தம்பி வெட்டுனோம்."

அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊர் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. அதில் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை முன் தோற்றத்துக்குக் கீழே வரைவார்கள். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். அங்கே மேல் தோற்றம் மேலேயே இருக்கும். நான் அப்போது புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த சாஃப்ட்வேர், நாமாகப் போய் மாற்றாவிட்டால் அமெரிக்க முறையில்தான் வரையும். மறைகோடுகளையும் கேட்டால்தான் காட்டும். எந்த முறை என்று சொல்லும் கூம்புக் குறியைக்கூட மூலையில் போடாமல் பிரிண்ட் எடுத்து அனுப்பிவிட்டேன். திரையில் அந்த பிராக்கெட் அவ்வளவு அழகாகச் சுழன்றது. அந்த அழகு பட்டறைக்குப் போகவில்லை, தாள் மட்டும்தான் போனது.

கணினியில் வரைய எந்த கேட் சாஃப்ட்வேர் நல்லது என்று யாராவது கேட்டால், அதுவரை வசதிகளைப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் வரைவதை உங்களுக்கு அடுத்து யார் திறக்கப் போகிறார்கள்? தொழிலுக்கு வரைகிறவருக்கும் பொழுதுபோக்குக்கு வரைகிறவருக்கும் உள்ள வித்தியாசம் திறமையிலோ பணத்திலோ இல்லை. இந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

பொழுதுபோக்கில் தொடங்குவோம். வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், வால்யூம் குமிழ் உடைந்துவிட்டது. கடையில் அந்த அளவு கிடைக்கவில்லை. வெர்னியர் வைத்து அளந்தால் தண்டு 6 மி.மீ. விட்டம், ஒரு பக்கம் சீவி, 4.5 மி.மீ. மிச்சம். ஆங்கில 'டி' எழுத்து போன்ற வெட்டுமுகம். ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு வட்டம், அதை வெட்டும் ஒரு கோடு. வட்டத்துக்கு 6 என்று எண் கொடுத்து, கோட்டின் தூரத்தையும் நிலைநிறுத்தியதும் ஸ்கெட்ச் மொத்தமும் பச்சையாகிறது. இனி எந்தக் கோடும் தன்னிஷ்டத்துக்கு நகராது என்று அர்த்தம். சாலிட்வொர்க்ஸில் இதே இடத்தில் நீலக் கோடுகள் கறுப்பாகும். அதைச் சுற்றி 2 மி.மீ. சுவர், மேலே மூடி, விரல் வழுக்காமல் இருக்கச் சில வரிப்பள்ளங்கள். பிரிண்டரில் போட்டு எடுத்தால் குமிழ் தண்டில் ஏறவில்லை. உருகிய பிளாஸ்டிக் படிந்து படிந்து வருவதால் துளை எப்போதும் கொஞ்சம் சிறுத்துத்தான் வரும். திரும்பப் போய் அந்த ஒரு எண்ணை 6.2 ஆக்கினேன். சுவர், மூடி, வரிப்பள்ளம் எல்லாம் தாமாக நகர்ந்துகொண்டன. இன்னும் இறுக்கம். 6.3 போட்டதும் சிக்கென்று உட்கார்ந்தது.

ஒரு எண்ணை மாற்றினால் உருவம் முழுவதும் கூடவே மாறும் இந்த வித்தையைத்தான் பாராமெட்ரிக் என்கிறார்கள். வேர் பழையது. 1963-ல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வுப் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டு, இந்த இரண்டும் இணையாக இருக்கட்டும், இவை சம நீளத்தில் இருக்கட்டும் என்று கணினிக்குக் கட்டளை இடலாம். அது தொழிற்சாலைக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆனது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கணிதப் பேராசிரியர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985-ல் தொடங்கிய பி.டி.சி. நிறுவனம், 80களின் இறுதியில் புரோ-எஞ்சினியரைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதன் பெயர் கிரியோ. விலை உயர்ந்த யூனிக்ஸ் கணினிகளில்தான் அது ஓடியது. 1995-ல் ஜான் ஹிர்ஷ்டிக்கின் சாலிட்வொர்க்ஸ் அதே வித்தையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. கோவை மாதிரி ஊர்களின் சிறு பட்டறைகள் முப்பரிமாணத்துக்குள் நுழைய அதுவே வழிவிட்டது என்பது என் கணிப்பு.

அதற்கு முன்பு ஆட்டோகேட்தான் எல்லாமாக இருந்தது. 1982 டிசம்பரில் வந்தது. டிராயிங் போர்டில் மினி டிராஃப்டர் மாட்டி, ட்ரேசிங் தாளில் இங்க் கோடு போட்டு, தப்பானால் பிளேடால் பதமாகச் சுரண்டி எடுத்த தலைமுறை அதை வரமாகவே பார்த்தது. பிரிண்ட் எடுக்கும் அறையின் அமோனியா நெடியிலிருந்தும் விடுதலை. அதன் டி.டபிள்யூ.ஜி. கோப்பு ஊருக்கெல்லாம் பொதுமொழி போல ஆகிவிட்டது. ஆனால் அந்த மொழியின் இலக்கணத்தை ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் வெளியிடவில்லை. மற்ற நிறுவனங்கள் 1998-ல் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, கோப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டன. இன்று பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவை குறைந்த செலவில் அந்தக் கோப்புகளை நன்றாகவே திறக்கின்றன. இலவசமான லிப்ரேகேட், வீட்டு பிளான் வரைந்து பார்க்கப் போதும், டி.டபிள்யூ.ஜி.யில் தடுமாறும்.

குமிழ் கதைக்கு வருகிறேன். அந்தக் கோப்பை அடுத்துத் திறக்கப் போவது என் பிரிண்டர் மட்டுமே. அதற்கு எந்த சாஃப்ட்வேரும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டிங்கர்கேட் அருமை. கட்டைகளைச் சேர்த்தும் கழித்தும் அரை மணியில் ஒரு சாவிக்கொத்துப் பட்டையைச் செய்துவிடுவார்கள். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு ஓபன்எஸ்கேட். அங்கே சுட்டியால் வரைவதே கிடையாது, எல்லாமே எழுத்து. பொம்மை, சிலை, முகம் செய்ய வேண்டுமானால் பிளெண்டருக்குப் போங்கள். தண்டில் சிக்கென்று உட்கார வேண்டிய பொருளுக்கு அதை நாடாதீர்கள்.

ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பொழுதுபோக்காளர் படித்தே ஆக வேண்டும். ஆட்டோடெஸ்கின் ஃபியூஷனைத் தனிநபர்கள் லட்சக்கணக்கில் விரும்பி எடுத்துக்கொண்டார்கள், வரைவதும் சி.என்.சி. மெஷினுக்கு நிரல் எடுப்பதும் ஒரே இடத்தில் நடக்கும். 2020 செப்டம்பரில் நிறுவனம் விதிகளை இறுக்கியது. திருத்தக்கூடிய நிலையில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்கள்தான். மற்ற சாஃப்ட்வேர்களும் திறக்கும் ஸ்டெப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியும் போகும் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆன்ஷேப்பை அதே ஹிர்ஷ்டிக் குழுதான் பின்னாளில் தொடங்கியது. பிரவுசரில் ஓடுகிறது, எதையும் நிறுவ வேண்டாம், அருமையான கருவி. இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது உலகத்துக்கே திறந்து கிடக்கும். குமிழுக்கு அதனால் நஷ்டமில்லை. நாளைக்கு விற்கலாம் என்று நினைக்கும் பொருளை அங்கே வரைய மாட்டேன். சீமென்ஸின் சாலிட் எட்ஜ் இலவசப் பதிப்பு கிட்டத்தட்ட முழு மென்பொருள். ஆனால் அதில் சேமித்த கோப்பைத் தொழில்முறைப் பதிப்பு திறக்காது. டிராஃப்ட்சைட்டை இலவசம் என்று நம்பிப் பழகியவர்களுக்கு 2019 முடிவோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

தங்கள் கருவிக்கு விலை வைப்பது நிறுவனங்களின் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஐந்து வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்த ஒருவர், தன் வரைபடத்தைத் திறக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால்தான் ஃப்ரீகேட் மீது எனக்கு இவ்வளவு பிரியம். ஜெர்மனியின் யூர்கன் ரீகலும் நண்பர்களும் 2002-ல் வெளியிட்டது, 1.0 என்ற எண்ணைத் தொட 2024 நவம்பர் ஆனது. அதன் கோப்பை எடுத்துப் பெயரின் வாலை 'ஜிப்' என்று மாற்றிப் பாருங்கள். சாதாரணப் பொட்டலம் போலத் திறக்கும். உள்ளே உங்கள் அளவுகள் எழுத்தாகவே இருக்கும். குறையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அதை ஒரு நோய் வாட்டியது. முதல் படியில் ஒரு துளையைச் சேர்த்தால் முகங்களின் வரிசை எண் மாறிவிடும். பத்தாவது படியில் ஒரு விளிம்புக்குக் கொடுத்த வளைவு வேறு விளிம்புக்குத் தாவும், அல்லது மாடலே உடைந்து சிவப்பாகும். அந்த வெறுப்பில் விட்டுப் போனவர்கள் பலர். 1.0-ல் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். விட்டுப் போனவர்கள் ஒருமுறை திரும்பி வந்து பார்க்கலாம். பெரிய அசெம்பிளிகளில் இன்னும் மூச்சு வாங்குகிறது, உண்மைதான்.

தொழிலில் கதை வேறு. அங்கே சாஃப்ட்வேரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆர்டர் கொடுப்பவர் தேர்ந்தெடுத்துவிடுகிறார். கார் கம்பெனிகளுக்கு வேலை செய்தால் கேட்டியா, என்.எக்ஸ். பம்பு, மோட்டார், ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின் என்றால் சாலிட்வொர்க்ஸும் கிரியோவும் அதிகம். அவர் 2025 பதிப்பில் அனுப்பியதை உங்கள் 2021 பதிப்பு திறக்காது. சந்தா கட்ட முடியாத சின்னப் பட்டறைகள் கிராக் காப்பிக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பிழைப்பின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வக்கீல் நோட்டீஸ் வந்து விழும் நாளில், பத்து வருட டிராயிங்கும் அந்தக் காப்பிக்குள்தான் பூட்டிக் கிடக்கும்.

அடுத்த மேசையில் வேறு பதிப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380-ஐவிடப் பெரிய சாட்சி கிடையாது. நிறுவனத்தின் ஹாம்பர்க் ஆலையில் கேட்டியாவின் 4-ம் பதிப்பு, துலூஸ் ஆலையில் 5-ம் பதிப்பு. ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பி சுமார் 530 கிலோமீட்டர். ஹாம்பர்க்கில் கட்டி அனுப்பிய கம்பிக் கற்றைகளைப் பொருத்தப் பார்த்தால் நீளம் போதவில்லை. வளைவுகளில் கம்பி எடுத்துக்கொள்ளும் கூடுதல் நீளம் இரண்டு மாடல்களுக்கும் நடுவில் தொலைந்திருந்தது. பொறியாளர்கள் கையால் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்குப் போனது 2007 அக்டோபரில், ஏறத்தாழ இரண்டு வருடத் தாமதம். ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருள், இரண்டு பதிப்புகள், அவ்வளவே.

ஆகவே தொழில்காரர் ஒரு மென்பொருளில் முதலில் சோதிக்க வேண்டியது, அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதை. எஸ்.டி.எல். வெறும் முக்கோணங்கள், மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புக்கூட அதில் கிடையாது. ஸ்டெப் கோப்பில் உருவம் சுத்தமாகப் போகும், வரைந்த படிகள் போகாது, டாலரன்ஸும் பெரும்பாலும் போகாது. ஒரு துளைக்கு 20 எச்7 என்று எழுதினால், 20.000-க்கும் 20.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். மாடலில் அது வெறும் 20. அந்த 21 மைக்ரான் தாளில் மட்டுமே வாழ்கிறது, பேரிங் உட்காருவதும் உட்காராததும் அதில்தான். டிராயிங் போடும் பகுதி ஒழுங்காக இல்லாத சாஃப்ட்வேரைத் தொழிலுக்கு எடுக்கவே கூடாது. ஃப்ரீகேட் இந்த இடத்தில்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. தோற்றங்களை எடுக்கும், அளவு போடும், ஆனால் ஒரு நாளில் இருபது டிராயிங் போட வேண்டியவருக்குக் கை வலிக்கும்.

டிப்ளமோ முடித்துவிட்டு காந்திபுரத்தில் கோச்சிங் சென்டர் தேடும் பிள்ளைகள், "எது படிச்சா வேலை கிடைக்குங்க சார்?" என்று கேட்கிறார்கள். அந்த ஊரில் எந்தத் தொழில் அதிகமோ, அதன் கம்பெனிகள் கேட்பதைப் படியுங்கள் என்கிறேன். ஒன்றை ஆழமாகப் பழகினால் இன்னொன்று சில வாரங்களில் பிடிபடும். ஸ்கெட்ச், அளவு, எழுப்புதல், வெட்டுதல் எல்லாவற்றிலும் ஒன்றே. கையில் ஒரு வெர்னியர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் லேத் பக்கத்தில் நின்று பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

கணபதி பட்டறைக்காரரோடு எனக்கு இன்றும் கணக்கு இருக்கிறது. அந்த 40 பிராக்கெட்டுக்கான மெட்டீரியல் காசை நான் கொடுத்தேன்; வெட்டுக்கூலியை அவர் வாங்க மறுத்துவிட்டார். இப்போது பி.டி.எஃப். டிராயிங், ஸ்டெப் கோப்பு இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஆபீஸ் அறையில் இருக்கும் பழைய கணினியில் அவர் மகள் ஃப்ரீகேட் போட்டு வைத்திருக்கிறாள். கோப்பைத் திறந்து, திருப்பிப் பார்த்து, பள்ளத்தின் மேல் அளவு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்கு விடுகிறார்கள். போன வாரம்கூட போன் வந்தது.

"அண்ணா, பாக்கெட் மேல் பக்கந்தானுங்களே? டிராயிங்ல ஆழம் மூணுன்னு இருக்கு, மாடல்ல மூணரை காட்டுது. எதை வெச்சுக்கறது?"

மாடலைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. திருத்தி அனுப்பினேன்.