கிளிசரின் ஏன் உறைவதில்லை? கண்ணாடியும் படிகமும்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கிளிசரினோட உருகுநிலை 18 டிகிரின்னு புத்தகத்துல இருக்கு. ஆனா ஃபிரிட்ஜுல வெச்சாலும் திரவமாவே இருக்கே, ஏன்?" நல்ல கேள்வி. கல்கண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கல்கண்டும் பஞ்சு மிட்டாயும் ஒரே சர்க்கரைதான். பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தால் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். அது படிகம். பஞ்சு மிட்டாய் மெஷின் உருகிய சர்க்கரையைச் சுழற்றி வீசுகிறது, நொடியில் ஆறிவிடுகிறது. சின்ன வயசுல 'ஸ்டேச்சூ' விளையாடியிருப்பீங்க. சொன்னதும் யார் எங்கே இருந்தாங்களோ அப்படியே நிற்கணும். பஞ்சு மிட்டாயின் மூலக்கூறுகளும் அப்படித்தான், வரிசை இல்லாமலே நின்றுவிடுகின்றன. அறிவியலில் இதற்கும் 'கண்ணாடி' என்றே பெயர்.

இப்போ கிளிசரினுக்கு வருவோம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று ஹைட்ராக்சில் 'கைகள்' உண்டு. அவை பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்வதால், குளிரக் குளிரப் பாகு இறுகுகிறது. வரிசைக்கு நகர முடியாமல் தவித்து, சுமார் மைனஸ் 83 டிகிரியில் கண்ணாடியாகிவிடுகிறது.

1923-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிப்சன், ஜியோக் என்ற இருவர் கிளிசரினின் படிகத்தையும் கண்ணாடியையும் ஒப்பிட்டார்கள். தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் கண்ணாடிக்குள் ஒழுங்கின்மை மிச்சமிருக்கும் என்று காட்டினார்கள். தாழ்வெப்பநிலை ஆய்வுகளுக்காக ஜியோக்குக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனா எனக்குப் பிடிச்சது அவங்க படிகத்தை வரவழைச்ச விதம்தான். வெறுமனே குளிர வைத்தால் வரவில்லை. திரவக் காற்றின் குளிருக்குக் கொண்டுபோய், பிறகு ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சூடேற்றியபோது வந்தது! காரணம் இதுதான்: படிகத்தின் 'விதை' தோன்றக் கடுங்குளிர் வேண்டும், விதை வளர, மூலக்கூறுகள் நகரும் அளவுக்குச் சூடு வேண்டும். அதனால சூடாகும்போதுதான் படிகம் வளர்கிறது.

இது வெறும் ஆய்வகக் கதை இல்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டைகளை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பாதுகாக்கிறார்கள். உள்ளே பனிப்படிகம் வளர்ந்தால் செல் கிழிந்துவிடும். அதனால் எத்திலீன் கிளைக்கால், சர்க்கரை போன்றவை கலந்த கரைசலில் வைத்து, மிக வேகமாகக் குளிர்வித்துக் கண்ணாடியாக்குகிறார்கள். இதற்கு வைட்ரிஃபிகேஷன் என்று பெயர்.

திரும்ப எடுக்கும்போது? 'பத்திரமா மெதுவா சூடாக்கலாம்'னு தோணும். அதுதான் ஆபத்து. மெதுவாகச் சூடாக்கினால் விதைகள் வளர நேரம் கிடைத்துவிடும். அதனால நேராக 37 டிகிரிக் கரைசலில் போட்டு, நொடிகளில் அந்த இடைப்பட்ட வெப்பநிலையைத் தாண்டிவிடுகிறார்கள். கிப்சனும் ஜியோக்கும் படிகம் வேண்டும் என்று மெதுவாகச் சூடாக்கினார்கள். இங்கே படிகம் வேண்டாம் என்பதால் அவசரம்.

ஆக, உங்க ஃபிரிட்ஜுல இருக்கிற கிளிசரின் உறைய மறுக்கவில்லை. விதை கிடைக்காம காத்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.