வியர்வையும் வீதி ஓட்டமும்

மலேசியாவில் வீதி ஓட்டங்களைப் பெரும்பாலும் விடியுமுன் தொடங்குகிறோம். வெயிலுக்கு அது நல்லதே. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதும் அந்த அதிகாலையில்தான். வியர்வை வழிந்தால் மட்டும் உடல் குளிராது. அது ஆவியாக வேண்டும். ஈரக் காற்றிலோ அது சொட்டி வீணாகிறது. ஆகவே முதல் இரண்டு கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் கடப்போம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், வீட்டிலேயே இருந்துவிடுவோம். தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதக்கத்துக்கும் சட்டைக்கும் தாராளமாகச் செலவிடுகிறோம். ஒரு பெரிய தொட்டிக்கும் சில மூட்டை ஐஸ்கட்டிக்கும் கணக்குப் பார்க்கிறோம். ஓடுகிறவர் தள்ளாடி, பேச்சுக் குழறினால், உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும். இதுவே வெப்பத் தாக்கு. அம்புலன்சை உடனே அழைக்க வேண்டும். ஆனால் அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. அவரைக் கழுத்தளவு ஐஸ் நீரில் அமர்த்தி, தலை மூழ்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். குளிர்விப்பது முதலில், மருத்துவமனைக்கு ஏற்றுவது பிறகு. அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். தொட்டி கிடைக்காத இடத்தில், ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளை உடலெங்கும் போர்த்தி, அவை சூடேறச் சூடேற மாற்றிக்கொண்டே இருக்கலாம்.