கேஸ் முடியும்வரை அடியைப் பொறுத்துக்கணுமா?

"விவாகரத்து கேஸ்தான் நடக்குதே, தீர்ப்பு வரட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா!" இப்படிப் புத்தி சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பொறுப்பது எத்தனை வருஷம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆனால், பொறுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

ஆரணி பட்டுத் தறி வீட்டையே எடுத்துக்கொள்வோமே. அங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். கூடத்தில் தறி, அதன் பக்கத்திலேயே அடுப்பு. தார் சுற்றுவதும், பாவுக்குக் கை கொடுப்பதும் மனைவி. கூலி எண்ணிக் கையில் வாங்குவது கணவர். சண்டை முற்றி அவள் வெளியேறினால் கூரை மட்டுமா போகிறது? பிழைப்பும் சேர்ந்து போகிறது. அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை. ராத்தூக்கம் போய், தலைவலி, படபடப்பு என்று டாக்டரிடம் வருகிறார்கள். மாத்திரை கிடைக்கிறது, காரணம் வீட்டிலேயே இருக்கிறது.

2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இங்கேதான் கை கொடுக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. அசிங்கமாகப் பேசுவது, சாப்பாட்டுக்குப் பணம் தராதது, நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது எல்லாமே அதில் அடங்கும்.

மாஜிஸ்திரேட் பிறப்பிப்பது 'பாதுகாப்பு உத்தரவு'. அடிக்கக்கூடாது, வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து வம்பு பண்ணக்கூடாது, போன் செய்து மிரட்டக்கூடாது, ஆதரவு தரும் அண்ணன் தம்பியிடமும் வாலாட்டக்கூடாது என்று அதில் எழுதலாம். விவாகரத்து கேட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கேட்டிருந்தாலும் தடையில்லை. "அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை, தொல்லை பண்ணாம இருந்தா போதும்" என்கிறவர்களுக்கு ஏற்ற வழி இதுதான். உத்தரவை மீறினால்தான் சிறை: ஓராண்டு வரை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, வீடு மாமனார் பேரில் இருந்தால்? மருமகளாக அங்கே குடித்தனம் செய்தவள், குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. கணவரை வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது. பெண்களுக்கு அந்தப் பிரிவில் விலக்கு உண்டு! வயதான மாமனார், மாமியாரின் நிலைமையையும் கோர்ட் பார்க்கும். சேர்ந்திருக்கவே முடியாது என்றால், வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ கணவருக்கு உத்தரவிடலாம்.

யாரிடம் போவது? மாவட்ட சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஆரணிக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலை. அவ்வளவு தூரம் போகமுடியாதா? 181-க்குப் போன் போடுங்கள். வக்கீல் மூலமாகவோ நேரிலோ மாஜிஸ்திரேட்டிடமே மனு தரலாம். இப்போது தாய் வீட்டில் இருந்தால், அந்த ஊர்க் கோர்ட்டிலேயே தரலாம். மனு கொடுத்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. அறுபது நாளில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. ஆகவே முதல் நாளே 'இடைக்கால உத்தரவு' கேட்டுவிடுங்கள். ஆபத்து அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருமுன்பே அதைத் தரலாம்.

இன்னொன்று. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு, மிரட்டல் மெசேஜ்கள், தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டு, இவற்றை வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.