மலையடிவாரத்து ஆர்மோனியமும் திரைப்படப் பின்னணி இசையும்

சாந்தன்பாறை, பூப்பாறை வட்டாரத்து ஏலத் தோட்டங்களுக்குக் கிழக்கே மலை சட்டென்று இறங்கிவிடுகிறது. சதுரங்கப்பாறை மேட்டில் நின்று நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம். அங்கிருந்து வேலை நாடி மலையேறி வந்த மக்களோடு பாட்டும் ஏறி வந்ததுண்டு. அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943-ஆம் ஆண்டு பிறந்தவர் இளையராஜா. அவருடைய இசை வாழ்க்கையை நாம் ஈண்டு ஆராயப் புகுவதற்கு இந்த அண்டை உறவும் ஒரு காரணம்.

அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். 1958-இல் தேவிகுளம் தொகுதியில் நடைபெற்ற இடைத்தேர்தலில், தோட்டத் தொழிலாளர் நடுவே ரோசம்மா புன்னூஸ் அம்மையாருக்காக அவர் பாடிய பாட்டுக்கள் பெயர் பெற்றவை. அண்ணனுடைய குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்ததே இளையராஜாவுக்கு முதற் பள்ளியாயிற்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்து தரையில் அமர்ந்திருக்கும் மக்களைத் தொடக்கத்திலேயே நிமிர்ந்து உட்காரச் செய்ய வேண்டும்; இல்லையேல் கூட்டம் கலைந்துவிடும். இது ஏட்டில் கற்கக் கூடிய பாடமன்று.

1968-இல் அவர் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டர் என்பாரிடம் மேனாட்டு இசையையும், இசையைச் சுரக்குறிகளால் தாளில் எழுதும் முறையையும் பயின்றார். சலீல் சௌதுரியின் வாத்தியக் குழுவில் கிதார் வாசித்தார். கன்னடப் படங்களுக்கு இசையமைத்து வந்த ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்ததும் புகழ் வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைப் பலர் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர். நம் கருத்தில் அவையே முக்கியமானவை. ஒருவர் போட்ட மெட்டினைப் பிடில், குழல், செல்லோ என்று கருவிவாரியாகப் பிரித்து எழுதுவது உதவியாளரின் பணி. பெயர் வெளியே தெரியாது. கை மட்டும் பழகும். அப்படிப் பழகிய கையே பின்னாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு ஈடுகொடுத்தது.

பாட்டினால் இசையமைப்பாளரின் பெயர் பரவுகிறது. ஆயினும் அவருடைய திறமைக்கு உண்மையான சோதனை பின்னணி இசையில்தான். பாட்டுக்குப் பெரும்பாலும் மெட்டு முதலில் அமையும். அதற்கேற்பப் படம் பிடிப்பார்கள். பின்னணி இசைக்கோ படம் முடிந்த பின்னரே வேலை தொடங்கும். முன்னாளில் 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஆயிரம் அடி நீளமுடையது. நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடினால் ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடிந்துவிடும். கதாநாயகி கதவைத் திறக்க மூன்று நொடி, திரும்பிப் பார்க்க இரண்டு நொடி என்றால் இசையும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். அரை நொடி பிந்தினால் அழுகை நகைப்புக்கு இடமாகிவிடும்! படம் திரையில் ஓட, அதைப் பார்த்தவாறே வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

இளையராஜா சுருளைப் பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தையும் தொடாமலே நேராகத் தாளில் எழுதிக் கொடுப்பார். இதனைக் கண்டு வியந்தோர் பலர். ஆனால் எங்கே எழுதாமல் விடுவது என்று அறிந்ததை நாம் இன்னும் பெரிதாக எண்ணுகிறோம். ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஆகிய மகேந்திரனின் படங்களில் வசனம் குறைவு. அத்தகைய படத்தில் இடைவெளிகளையெல்லாம் இசையால் நிரப்ப ஆசை எழுவது இயல்பு. அவரோ பல இடங்களில் மௌனத்தை மௌனமாகவே விட்டிருக்கிறார்.

அவர் பெற்ற தேசிய விருதுகளையும் இவ்வகையில் நோக்கலாம். முதல் மூன்றும் ‘சாகர சங்கமம்’, ‘சிந்து பைரவி’, ‘ருத்ரவீணா’ என ஆடலையும் பாடலையுமே கதையாகக் கொண்ட படங்களுக்குக் கிடைத்தன. பின்னணி இசைக்கென விருது வந்தது 2009-ஆம் ஆண்டின் மலையாளப் படமான ‘பழசிராஜா’வுக்கு, அடுத்தது 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘தாரை தப்பட்டை’க்கு.

2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. இசையை அளந்து வெட்ட அங்கே படச்சுருள் இல்லை. எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அன்று அவரே முடிவு செய்தார்.