பழைய டீஸல் ஸ்டேஷன் வேகன்: வாங்குதலும் பராமரித்தலும்

தாம்பரத்திற்கு மேற்கே மணிமங்கலம், சோமங்கலம், படப்பை முதலிய கிராமங்களில் சாகுபடி செய்யும் நிலச்சுவான்தார்களுக்கு, ஆட்களையும் சாமான்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லத்தக்க டீஸல் வண்டி மிக உபயோகமானது. குடும்பத்தார் ஐவரையும், பின்புறத்தில் விதை மூட்டைகளையும், ரிப்பேருக்குப் போகும் பம்புசெட் மோட்டாரையும் ஒரே நடையில் கொண்டுசேர்க்கும் இவ்வகை வண்டியை ஸ்டேஷன் வேகன் என்பர். புது வண்டியின் விலை கைக்கு எட்டாதபடியால், இரண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டிகளை நாடுவோர் அநேகர். அவர்கள் முதலில் பார்ப்பது மீட்டரில் உள்ள எண்ணையே. தென் சென்னைப் புறநகர்களில் அதைக் காட்டிலும் முக்கியமாக விசாரிக்க வேண்டிய விஷயம், அவ்வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதாகும்.

1992-ஆம் வருஷம் டாடா கம்பெனியார் வெளியிட்ட எஸ்டேட் என்னும் வண்டியே பெயராலும் உருவத்தாலும் சரியான ஸ்டேஷன் வேகன். அது இப்போது கிடைப்பதரிது. 1994 முதல் 2019 வரை உற்பத்தியான டாடா சுமோவும், 2000 முதல் 2005 வரை விற்கப்பட்ட டொயோட்டா குவாலிஸும் அதே வேலைக்கு ஏற்றவை. குவாலிஸிலும் முற்காலத்துச் சுமோக்களிலும் டீஸல் பம்பு முழுதும் யந்திர முறையில் இயங்குவது. ஆகையால் கிராமத்தை அடுத்த சாதாரண பட்டறையிலேயே பழுது பார்த்துக்கொள்ளக்கூடும்.

டீஸல் யந்திரத்தில் தீப்பொறி இல்லை. காற்றை இருபது மடங்கோ அதற்கு மேலோ அமுக்கி, அதனால் உண்டாகும் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றியெரிகிறது. அந்த அமுக்கத்தைத் தாங்கும்பொருட்டு அதன் பாகங்கள் கனமாக வார்க்கப்பட்டுள்ளன. காலந்தவறாமல் ஆயில் மாற்றப்பட்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய யந்திரம், கவனிப்பாரின்றி ஒன்றரை லட்சம் ஓடியதைவிட மேலாக இருப்பதுண்டு. மேலும் மீட்டரைக் குறைத்துவைப்பது தரகர்களுக்குப் பழகிய வேலை. பெடல் ரப்பரின் தேய்மானமும், ஓட்டுபவர் ஆசனத்தின் பள்ளமும், சர்வீஸ் ரசீதுகளுமே நம்பத்தக்க சாட்சிகள்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கங்களில் தெருக்களில் ஜலம் தேங்கிற்று. அவ்விதம் மூழ்கிய வண்டிகளில் சில கழுவிப் புது வர்ணம் பூசப்பட்டு, விலை மலிவென்னும் ஒரே காரணத்தால் கைமாறுகின்றன. ஆசன வாரை முடிவுவரை இழுத்துப் பார்த்தால், சுருளின் உட்பாகத்தில் சேற்றுக்கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி ஆசனத் தண்டவாளங்களில் துரு உண்டாவென்றும், ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டல் படிந்துள்ளதாவென்றும் பார்க்கவேண்டும். வெயிலில் கண்ணாடிகளை மூடிவைத்துச் சற்று நேரங்கழித்துத் திறந்தால் வரும் புழுங்கல் வாடை, எவ்வளவு வாசனைத் தைலம் தெளித்தாலும் மறைவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நின்ற வண்டியாயின், உப்புக்காற்றினால் சேஸிஸில் அரிப்பு உண்டா என்று குனிந்து பார்ப்பதும் அவசியம்.

ஜலம் ஏன் இத்தனை தீங்கு செய்கிறதெனில், அது காற்றைப்போல் அமுங்குவதில்லை. காற்றுக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் ஜலம் புகுந்திருக்கையில் யந்திரத்தைக் கிளப்பினால், மேலேறும் பிஸ்டன் அதில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆகையால் மூழ்கிய வண்டியை வெள்ளம் வடிந்தவுடன் சாவி போட்டுப் பார்ப்பது பெருந்தவறு. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லவேண்டும். அங்கே ஹீட்டர் பிளக்குகளையோ நாசில்களையோ கழற்றி யந்திரத்தைச் சுற்றச்செய்து உள்ளிருக்கும் ஜலத்தை வெளியேற்றி, இஞ்சின், கியர் பெட்டி, கிரவுன் ஆகிய மூன்றிலும் ஆயிலை மாற்றி, டீஸல் டாங்கியைக் காலிசெய்து, சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் இட்டபின்னரே கிளப்பலாம். ஜலம் புகுந்த இஞ்சினைக் கிளப்பியதால் விளையும் சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இனி யந்திரப் பரீட்சை. விற்பவர் வருமுன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று திரும்பிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் போவது நல்லது. குளிர்ந்த யந்திரமே உண்மையைச் சொல்லும். கிளம்பியவுடன் சிறிது புகை வருவது இயல்பே. தொடர்ந்து நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் டீஸல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. சூடேறியும் வெண்புகை நிற்காவிடில் டீஸல் சரிவர எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் ஜலம் உள்ளே கசிகிறது. பிறகு, யந்திரம் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கவேண்டும். அவ்வழியே குபுகுபுவெனப் புகை தள்ளினால், பட்டறையார் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் கோளாறு உள்ளது. ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்பது அதன் பொருள். முழு ஓவராயில் செலவை விலையில் கழித்துக்கொள்ள விற்பவர் இசையாவிட்டால் அவ்வண்டியை விட்டுவிடுவதே மேல்.

வாங்கியபின் செய்யவேண்டியவற்றுள் முதன்மையானது டைமிங் பெல்ட். குவாலிஸில் வால்வுகளை இயக்குவது ரப்பர் பெல்ட்டாகும். அதை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். மாற்றியதற்கு ரசீது இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்ளவேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது பழைய யந்திரத்துக்குத் தக்க கணக்கு. டீஸல் வண்டியில் புது ஆயில் சில தினங்களில் கறுப்பது குற்றமன்று. களத்துமேட்டுப் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது அவசியம். டீஸல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய ஜலத்தை வடிக்க ஐந்து நிமிஷம் போதும். மழைக்காலத்தில் அதைச் செய்யாதவர் பம்புக்காகப் பெருந்தொகை செலவிட நேரிடலாம். ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு ஜலத்தை ஊற்றினால், அடுப்பிலுள்ள வெந்நீர்ப் பாத்திரத்தைப்போல் உட்புறம் சுண்ணாம்பு படிந்து, சூடு மிஞ்சி ஹெட் வெடிக்கும். சுத்த ஜலமும் கூலண்டும் கலந்தே ஊற்றவேண்டும். சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது சில பட்டறைகளின் வழக்கம். அது நோயை விட்டு அறிகுறியை மறைப்பதாகும்.

தஸ்தாவேஜு விஷயத்தில் கிராம அதிகாரிகளும் கவனஞ்செலுத்த வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பின்னர் தகுதிப் பரீட்சைக்குப்பின் ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பிக்கலாம். காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், 20 வருஷங்கடந்த வண்டிக்கு 2025-ல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. பழைய டீஸல் வண்டிகளுக்கு டில்லியில் 2015 முதல் ஏற்பட்ட தடையுத்தரவுகளால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்குத் தடையில்லாச் சான்றும், இம்மாநில வரியும் சேர்த்தே விலையைக் கணக்கிடவேண்டும்.

வெற்றுப் படிவங்களில் விற்றவரின் கையெழுத்தை வாங்கிவைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றும் வழக்கம் ஆபத்தானது. பல கைமாறிய வண்டி விபத்துக்குள்ளான வழக்கொன்றில், பதிவில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. விற்பவர் 29, 30-ஆம் எண் படிவங்களைப் பூர்த்திசெய்து, வாங்குபவருடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தாமே சமர்ப்பித்து, ரசீதின் நகலொன்றை வைத்துக்கொள்ளவேண்டும். பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருப்பின், அது நீக்கப்படும்வரை முழுப் பணமும் கொடுக்கலாகாது.