ஆவி கக்கிய அன்னப்பறவை கார்! பழைய கோலத்துக்குத் திரும்பிய அதிசயம்

கடலாடி,—

திருவிழா நாளில் சாமி அன்ன வாகனத்தில் வீதி உலா வருவதை நம்ம ஜில்லாவில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஆனால், வெள்ளைக்காரர் ஒருவர் அன்ன வாகனம் ஏறி கல்கத்தா தெருவில் பவனி வந்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் தோளில் தூக்கும் வாகனம் இல்லை. பெட்ரோலில் ஓடும் மோட்டார் கார்!

நடந்தது 1910-ம் ஆண்டு. கல்கத்தாவில் மாத்யூசன் என்று ஒரு பணக்கார என்ஜினீயர் இருந்தார். ஊரில் யாரிடமும் இல்லாத கார் தனக்கு வேண்டும் என்று அவருக்கு ஆசை. இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் என்ற கடற்கரை ஊரில் உள்ள புரூக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தார். படகும் படகு என்ஜினும் செய்து வந்த கம்பெனி அது. தண்ணீரில் நீந்தும் அன்னம் மாதிரியே ஒரு காரை செய்து கப்பலேற்றி விட்டார்கள்.

மூக்கில் ஆவி, கண்ணில் விளக்கு!

காரின் முன்பக்கம் நீண்ட கழுத்து, தலை, அலகு. உடம்பு முழுக்க இறகு வேலைப்பாடு. பின்பக்கத்தில் தங்க ரேக் ஒட்டிய தாமரைப்பூ. இருட்டினால் அன்னத்தின் இரண்டு கண்ணிலும் மின்சார பல்பு எரியும். எதிரே வருகிறவனுக்கு குலை நடுங்காதா?

அது மட்டுமா? அலகுக்கும் என்ஜினை குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தொடர்பு வைத்திருந்தார்கள். வழியில் கூட்டம் மறித்தால் டிரைவர் அலகைத் திறப்பார். உள்ளே இருந்து சூடான ஆவி குப்பென்று பீய்ச்சி அடிக்கும். ஜனங்கள் சிதறி ஓடுவார்கள். பின்பக்கம் ஒரு வால்வு. அதைத் திறந்தால் வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்பு ரோட்டில் கொட்டும். பறவை எச்சம் போட்ட மாதிரி இருக்க வேண்டுமாம்!

ஆரன் சத்தமும் சாதாரணம் இல்லை. புகைக் குழாயில் வரும் காற்றைக் கொண்டு எட்டு சுரம் ஊதும் ஆரன். பின் சீட்டில் உட்கார்ந்து ஆர்மோனியக் கட்டை போல அழுத்தி வாசிக்கலாம். முதலாளி டிரைவருக்கு உத்தரவு போட கப்பலில் இருக்கும் தந்திக் கருவி. ரோட்டில் கிடக்கும் யானைச் சாணம் டயரில் ஒட்டினால் துடைத்துத் தள்ள பிரஷ் வேறு.

முதல் ஓட்டத்திலேயே தெருவில் ஒரே அமளி. கடைசியில் போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று.

மகாராஜா வாங்கினார்

பிறகு இந்த கார் பஞ்சாபில் உள்ள நாபா சமஸ்தான மகாராஜா கைக்குப் போயிற்று. பெரிய அன்னத்துக்குத் துணையாக, பாட்டரியில் ஓடும் குட்டி அன்னம் ஒன்றையும் அரண்மனையில் செய்ய வைத்தார்கள்.

நாபாவுக்கும் நம்ம தமிழ்நாட்டுக்கும் ஒரு சோகத் தொடர்பு உண்டு. 1911 முதல் 1923 வரை அங்கே ஆண்டவர் ரிபுதமன் சிங். வெள்ளைக்கார சர்க்காருக்கு வளைந்து கொடுக்காதவர். 1923-ல் பதவியை விட்டு இறக்கினார்கள். 1928-ல் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்து காவலில் வைத்தார்கள். ஊர் திரும்பாமலே 1942-ல் அங்கேயே கண்ணை மூடினார். நாபா கார், நாபா ராஜா இரண்டு பேருக்கும் சொந்த ஊர் நிலைக்கவில்லை.

எழுபது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்திடம் இருந்த அன்னக் கார், இப்போது ஆலந்து நாட்டில் திஹேக் நகரில் உள்ள லாவ்மன் மியூசியத்தில் நிற்கிறது. பழுது பார்த்து, 1910-ல் இருந்த கோலத்துக்கே கொண்டு வந்திருக்கிறார்கள். குட்டி அன்னமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாதாரண கார் என்றால் கம்பெனி படம் இருக்கும். அதே மாடலில் இன்னொரு வண்டியைப் பார்த்து அச்சு அசலாக செய்து விடலாம். ஒருத்தருக்காக ஒன்றே ஒன்று செய்த வண்டிக்கு எதைப் பார்த்து செய்வது? பழைய போட்டோவும், வண்டியில் மிச்சம் இருக்கும் சாமானும்தான் சாட்சி. கொலைக் கேஸில் துப்பு துலக்குவது மாதிரி வேலை! இறகுக்கு பெயின்ட் அடித்து விட்டு, ஆவி போகும் குழாயைத் தொலைத்து விட்டால் அது கார் இல்லை, வெறும் பொம்மை.

மீன் செதில் பெயின்ட்!

அமெரிக்காவில் இதே போல ஒரு வண்டி. பெயர் 'கோல்டன் சகாரா'. 1953-ம் வருஷத்து லிங்கன் கார் ஒன்று வைக்கோல் லாரியின் பின்னால் மோதி, மேல்கூரை நசுங்கிப் போயிற்று. பேரீச்சைக்குப் போட வேண்டிய வண்டி. அதை ஜார்ஜ் பாரிஸ் என்ற கார் சிற்பி 1954-ல் கண்காட்சி வண்டியாக மாற்றினார். முத்து போல மினுங்க வேண்டும் என்று பெயின்டில் மீன் செதில் பொருளைக் கலந்தார்கள். நம்ம கடற்கரையில் மீன் வெட்டுகிற இடத்தில் காலில் ஒட்டுமே, அதே மினுமினுப்புதான்!

பிறகு உரிமையாளர் ஜிம் ஸ்ட்ரீட் அதை மறுபடி மாற்றினார். உள்ளே டெலிவிஷன், பிரிட்ஜ், டேப் ரிகார்டர். எதிரில் ஏதாவது வந்தால் தானே பிரேக் பிடிக்கும் கருவி. உள்ளிருந்து ஒளி வீசும் கண்ணாடி மாதிரி டயர். 1960-ல் 'சிண்ட்ரெபெல்லா' என்ற சினிமாவிலும் இந்த கார் நடித்தது.

அப்புறம் திடீரென்று மாயம்! சுமார் ஐம்பது வருஷம் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. ஸ்ட்ரீட் 2017-ல் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. 2018-ல் ஏலத்தில் 3 லட்சத்து 85 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய சிகாகோ பிரமுகர் லாரி கிளேர்மான்ட் அதைப் புதுப்பித்தார். குட்இயர் கம்பெனி அந்த ஒளி வீசும் டயரை மறுபடி செய்து கொடுத்தது. 2019 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் கோல்டன் சகாரா மறுபடி மின்னியது.

500 டாலர் கார்

பாரிஸ் செய்த இன்னொரு வண்டி 'ஹிரோஹாட்டா மெர்க்'. பழைய கார் ஆகி விட்டதே என்று 1959-ல் ஜிம் மெக்நீல் என்ற பள்ளிக்கூட வயசு பையன் 500 டாலருக்கு வாங்கினான். பல வருஷம் சும்மா கிடந்த வண்டியை அவரே பிறகு பழைய வெளிர்பச்சைக் கோலத்துக்குக் கொண்டு வந்தார். 2022 ஏலத்தில் அது சுமார் 20 லட்சம் டாலருக்குப் போயிற்று. அந்தக் காரை முதலில் செய்யச் சொன்ன பாப் ஹிரோஹாட்டா 1981-ல் கொலை செய்யப்பட்டார் என்பது தனிக்கதை.

நம்ம ஊர் கொட்டகைகளில்...

இதெல்லாம் ராஜா வீட்டு சமாசாரம், கடலாடிக்கு என்ன என்று கேட்பீர்கள். சாயல்குடி, முதுகுளத்தூர் ரோட்டோரம் பட்டறைகளில் எட்டிப் பாருங்கள். தாத்தா காலத்து புல்லட், ஜாவா, ஜீப், அம்பாசிடர் என்று உப்புக் காற்றில் துரு ஏறி நிற்கும் வண்டிகள் இல்லாமலா இருக்கும்? பேரன் மனசு வைத்து எடுப்பான். முதல் வேலையாக மட்கார்டை அறுப்பான், வேற என்ஜின் மாட்டுவான். 'சூப்பரா பண்ணிட்டேன்' என்பான்.

அங்கேதான் சட்டம் குறுக்கே வரும். மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கு தனி விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டிய சொந்த உபயோக டூ வீலர், காருக்கு 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்டணம். 10 வருஷம் செல்லும். கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க ஓட்டலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

முக்கிய நிபந்தனை, வண்டி ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் வி.ஏ. நம்பர் கிடையாது. கம்பெனி சொன்ன அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லி விட்டது.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நட்டைக் கழற்றும் முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பட்டி தேய்க்கும் முன்னால் அடியில் என்ன கலர் இருந்தது என்று சுரண்டிப் பாருங்கள். கழற்றிய பழைய சாமானை எடைக்குப் போடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை பத்திரமாக வையுங்கள். தாத்தா அந்த வண்டியில் உட்கார்ந்து எடுத்த கல்யாண போட்டோ இருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்!